தையில் தொடங்கும் கோடை

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலந்தாவளம் பக்கத்தில் எங்களுக்கு 9 ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. அப்பா காலத்தில் கடலையும் சோளமும் விளைந்த காடு. ஆள் கிடைக்காமல் பல வருடம் சும்மா கிடந்ததில் கொழுக்கட்டைப் புல் தானாக ஏறிவிட்டது. போன ஆடியில் கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து மாடு வாங்கினேன். கன்றுகள் போக 12 உருப்படி. இரண்டு கலப்பினக் கறவை, மற்றதெல்லாம் காங்கேயம். மழை முடிந்த கையோடு புல் முழங்கால் உயரம் நின்றது. இப்போது தை பாதிகூட ஆகவில்லை, அதற்குள் காடு வெளுத்துவிட்டது. வைகாசி மழை வரை இதை வைத்தே ஓட்டிவிட முடியுமா? தினம் ஒரு துண்டாகக் கம்பி கட்டி மாற்றி மேய்த்தால் எத்தனை மாடும் நிற்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். பெரியப்பாவோ, "பாதியை வித்துப்போட்டு மீதியைக் காப்பாத்து" என்கிறார். வாங்கி ஆறு மாதத்தில் விற்க மனம் வரவில்லை. வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) காய் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், வேலந்தாவளம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பெரியப்பா சொல்வதுதான் சரி. பாதியா, கொஞ்சம் குறைவா என்பதைக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கலாம். ஆனால் விற்பதாக இருந்தால் இந்த மாதமே விற்றுவிடுங்கள். மாட்டின் விலா எலும்பு தெரிந்த பிறகு யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

கேரளம் என்றாலே பச்சை என்று நினைப்பவர்களுக்குச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தைக் காட்ட வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் மழை மறைவுப் பகுதி. ஆளும் பேச்சும் மண்ணும் நம் கொங்கு நாட்டின் தொடர்ச்சிதான். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டிருப்பதால், மார்கழியிலிருந்து கிழக்குக் காற்று தடையில்லாமல் பாலக்காட்டுப் பக்கம் போகிறது. குளிர்ந்த காற்றாக இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. புல்லுக்கும் மண்ணுக்கும் உறைக்கும். பங்குனி வெயில் வருவதற்கு முன்பே இந்தக் காற்று பாதி ஈரத்தைக் கொண்டுபோய்விடுகிறது. பரம்பிக்குளம் - ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி ஆளியாற்றுத் தண்ணீர் கேரளத்துக்கு விடப்படுகிறது. அதை நம்பி சித்தூர்ப் புழைக் கரையில் நெல் நடுகிறார்கள். உங்கள் மேட்டுக்காட்டுக்கு அதில் ஒரு சொட்டும் ஏறாது.

சரி, கணக்குக்கு வருவோம். மாட்டை எண்ணியாகிவிட்டது. இனி எண்ண வேண்டியது புல்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். புல் நன்றாக நிற்கும் இடம், சுமாரான இடம், மொட்டையான இடம் என்று கலந்து பத்து இடத்தில் அதைப் போட்டு, தரையிலிருந்து நான்கு விரல் விட்டு அறுத்து, இரண்டு நாள் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். சராசரியாக 150 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 600 கிலோ ஆகிறது, 9 ஏக்கருக்கு 5,400 கிலோ. இதில் பாதியைத்தான் மாட்டுக்கு என்று எண்ண வேண்டும். மிதிபடுவது, காற்றில் உதிர்வது, வேரைக் காக்க நிற்க வேண்டியது எல்லாம் மறுபாதி. ஆக 2,700 கிலோ. ஒரு காங்கேயம் பசு நாளைக்கு 7, 8 கிலோ காய்ந்த தீவனம் தின்னும், கலப்பினம் அதற்கு மேல். 12 உருப்படிக்கு நாளொன்றுக்கு 100 கிலோ என்று வையுங்கள். 27 நாளில் காடு காலி. வைகாசி நடுவுக்கு இன்னும் 120 நாள் இருக்கிறது.

அந்தப் பாதியையும் சேர்த்து மேய்த்தால் என்ன என்று கேட்பீர்கள். கொழுக்கட்டைப் புல் பல வருடம் நிற்கும் புல். அடித்தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டுதான் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கோடையில் மாடு அடிவரை கடித்துத் தூரையும் மிதித்துவிட்டால், மழை வந்த பிறகும் பாதித் தூர் எழும்பாது. அந்த இடத்தில் மாடு தொடாத களை ஏறும். ஒரு கோடையைச் சமாளிக்கப் போய் அடுத்த இரண்டு வருட மேய்ச்சலை இழந்து நிற்பீர்கள்.

ஐந்து மாட்டை விற்று ஏழு மாட்டை வைத்துக்கொண்டால்? நாளைக்கு 56 கிலோ, 120 நாளுக்கு 6,700 கிலோ. காட்டில் இருப்பது போக 4,000 கிலோ வைக்கோல் வேண்டும். 15 கிலோ கட்டாக இருந்தால் 270 கட்டுக்குக் கொஞ்சம் குறையும். இது நடக்கிற காரியம். ஆலத்தூர், குழல்மன்னம் பக்கம் இரண்டாம் போக அறுப்பு மாசி, பங்குனியில் முடியும். மிஷின் கட்டிப்போடும் வைக்கோலை வயலிலேயே விலை பேசி ஏற்றிவிடுங்கள். சித்திரையில் அதே கட்டு தரகர் கை மாறி வரும்போது விலை வேறு.

எதை விற்பது? முதலில் அந்த இரண்டு கலப்பினம். வெயிலில் மேய்ந்து வாழ அவற்றுக்கு உடம்பு இல்லை. நிழலில் நின்று மூச்சு வாங்கும், தண்ணீரும் தீவனமும் அதிகம் கேட்கும். பால் இருக்கும்போதே கொடுத்தால் நல்ல விலை. சந்தைக்கு ஓட்ட வேண்டியதுகூட இல்லை, உங்கள் பக்கத்தில் சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீடுகளில் சொல்லி வைத்தாலே போதும். அப்புறம் பல் தேய்ந்த கிழட்டுப் பசு, இரண்டு மூன்று தடவை காளைக்கு விட்டும் சினை நிற்காதது. இவற்றுக்குப் பொள்ளாச்சிச் சந்தை, செவ்வாயும் வியாழனும். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் இடத்துக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள், பெரியப்பாவைக் கூட்டிப் போங்கள். கிடேரியையும் சினைமாட்டையும் கடைசிவரை தொட வேண்டாம். உங்கள் மந்தை இனி அவற்றிலிருந்துதான்.

மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் 2016-ஐ நினைத்துப் பாருங்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அந்த அக்டோபரிலேயே கேரளமும், அடுத்த ஜனவரியில் தமிழ்நாடும் வறட்சியை அறிவித்தன. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் புல் தீர்ந்தால், எல்லோரும் ஒரே வாரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்கள். வாங்க வருபவனுக்கு மட்டும்தான் அது நல்ல வாரம். மாட்டின் மேல் பாசம் இருப்பவர்தான் முதலில் விற்க வேண்டும் என்பது என் கட்சி. சதைப்பிடிப்போடு போகும் மாட்டை வளர்ப்பதற்கும் வாங்குவார்கள். எலும்பாகப் போனால் அது போகும் இடம் ஒன்றுதான்.

வீடியோ விஷயம். மாற்றி மேய்ப்பதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் பலன் புல் வளரும் காலத்துக்கானது. ஒரு துண்டில் மேய்ந்துவிட்டு நகர்ந்தால் அந்தத் துண்டு ஓய்வில் வளரும், திரும்ப வரும்போது புல் இருக்கும். தையிலிருந்து வைகாசி வரை உங்கள் காட்டில் எதுவும் வளராது. இப்போது கம்பி கட்டுவது பங்கு பிரித்துக் கொடுப்பதற்குத்தான் உதவும், புதிதாக ஒரு கைப்பிடிப் புல்லும் வராது. பங்கு பிரிப்பதும் தேவைதான். மூன்றாகப் பிரித்து, கிணற்றோரத் துண்டைக் கன்று போடும் மாட்டுக்கென்று கடைசிவரை மூடி வையுங்கள். வீடியோவை ஆடி, ஐப்பசியில் மறுபடி பாருங்கள்.

இனி அன்றாடப் பாடு. சாயங்காலம் பட்டிக்குள் நுழையும்போது மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள குழியைப் பாருங்கள். நிரம்பி இருந்தால் வயிறு நிறைய மேய்ந்திருக்கிறது. உள்ளங்கை வைத்தால் அமுங்கும் அளவு குழிந்திருந்தால் காட்டில் இருப்பது போதவில்லை. விலா எலும்பு தெரிய வாரக்கணக்கு ஆகும், இந்தக் குழி அன்றன்றைக்கே சொல்லிவிடும். காலையில் சாணத்தைப் பாருங்கள். பச்சை மேயும்போது தளர்ந்து பரவி விழும். காய்ந்த புல்லில் வறட்டி அடுக்கியதுபோல் மேட்டுத் திட்டாக, விண்டால் நார் நாராக இருந்தால், தின்றது செரிக்கவில்லை என்று அர்த்தம். மாட்டின் பெருவயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்களுக்குப் புரதம் வேண்டும். காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் அது மிகக் குறைவு. அதனால் வயிறு நிரம்பியிருந்தும் மாடு இளைக்கும். மாட்டுக்கு அரைக்கிலோ கடலைப்புண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ வைத்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் சாணம் இளகும். மாடு கூடுதலாகவும் தின்னும், ஆகவே புல் கணக்கை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

புண்ணாக்கு விலை கட்டாது என்றால் வைக்கோலை யூரியாவில் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். சீராகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள். கொடுக்கும் முன் பிரித்து ஆறவிட்டு நெடி போகவிட வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழுள்ள கன்றுக்கு வேண்டாம். யூரியா கரைத்த வாளியைக் கவனமில்லாமல் வைத்து மாடு குடித்துவிட்டால் பிழைப்பது கஷ்டம். தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம். மாடு எலும்பையும் துணியையும் மெல்லத் தொடங்கினால் உடம்பில் பாஸ்பரஸ் குறைந்திருக்கிறது. செத்த பிராணியின் எலும்பைக் கடித்தால் அதிலிருக்கும் நஞ்சில் மாடு கால் விழுந்து சாகும். காட்டில் கிடக்கும் எலும்பைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.

தண்ணீர் பெரிய விஷயம். காய்ந்த தீவனம் தின்னும் மாடு கோடையில் 50 லிட்டர் குடிக்கும், பால் கொடுப்பது 80 வரை போகும். தண்ணீர் குறைந்தால் மாடு தின்பதையும் குறைத்துவிடும். கரண்டு போனாலும் மோட்டார் எரிந்தாலும் இரண்டு நாள் தாங்கும் அளவு தொட்டியில் இருக்கட்டும். தொட்டிக்கு மேல் நிழல் போடுங்கள். பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை மேய்ச்சல் வேண்டாம். விடிகாலையும் சாயங்காலமும் போதாவிட்டால் ராத்திரி 9, 10 வரைகூட விடலாம். ஆனால் வாளையார்க் காட்டு யானை வந்துபோகும் பக்கம் என்றால் இருட்டுமுன் பட்டிக்குள் அடைத்துவிடுங்கள்.

சித்திரையில் ஒரு கோடை மழை வரும். எல்லோரும் சந்தோஷப்படும் அந்த வாரத்தில்தான் அதிகம் பார்த்து நடக்க வேண்டும். இரண்டு விரல் பச்சையைப் பார்த்ததும் மாடு வைக்கோலைத் தொடாது. நாள் முழுக்க நடந்து ஒரு வாய் பச்சைக்கு அலையும், கழியும், இன்னும் இளைக்கும். தூரும் துளிர்க்கும்போதே கடிபட்டுப் போகும். புல் ஒரு சாண் வரும்வரை படலைத் திறக்காதீர்கள். பக்கத்துக் காட்டில் அறுத்த சோளத் தாள் மறுபடி துளிர்த்திருந்தால் அங்கே மாட்டை அண்டவே விட வேண்டாம். காய்ந்து துளிர்த்த இளஞ்சோளத்தில் சயனைடு ஏறியிருக்கும். தின்ற சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறித் தள்ளாடும். உடனே டாக்டர் வந்து தயோசல்பேட் ஊசி போட்டால்தான் உண்டு. மரவள்ளித் தழையும் அதே ரகம். சப்பை நோய், தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

வேலிகாத்தான் காய் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் இடித்து மாவாக்கி, மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். அதையே வாரக்கணக்கில் தின்னும் மாட்டுக்குத் தாடையும் நாக்கும் வலுவிழந்து அசைபோட முடியாமல் போகும். முழுக்காயாகப் போட்டால் விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கும். தாராபுரம், மூலனூர்ப் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் காடுகளில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரம் விட்டிருப்பார்கள். அதன் காய் கோடையில் மாட்டுக்குத் தீனி, மரத்தடி பகலில் நிழல். இந்த ஆடியில் வேலியோரமாகப் பத்து வெள்வேலங்கன்று வையுங்கள். சதுரத்தில் எத்தனை கிராம் வந்தது என்று எழுதுங்கள்.