டெக்சாஸில் வேட்டையாடிய மானைத் தொங்கவிட வீட்டிலேயே குளிர் அறை கட்ட முடியுமா? சாதாரண ஜன்னல் ஏசி போதுமா?

அதோடு ஒரு சிறு கருவியைச் சேர்த்தால் போதும். ஆனால் ஏசியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் கதவையும் சுவர் இணைப்புகளையும் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இப்படிக் கட்டிய அறைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ஒன்று. இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தப் பதில் அமெரிக்காவில் உரிமத்தோடு வேட்டையாடுபவர்களுக்கானது. வேடிக்கை என்னவென்றால், டெக்சாஸ் மலைப்பகுதியில் ஆண்டு முழுவதும் வேட்டைக்கு அனுமதி உள்ள மான் நம்மூர்ப் புள்ளிமான்தான். 1932 வாக்கில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள், பெருகிவிட்டது. உள்ளூர் வெள்ளைவால் மானுக்குக் குளிர்காலம்தான் பருவம். புள்ளிமானை ஜூலையிலும் சுடலாம். வெளியே 38 டிகிரி அடிக்கும்போது மரத்தில் தொங்கவிட்டால் மாலைக்குள் நாறிவிடும். அதனால் அறையை ஜூலை வெயிலுக்கே கணக்குப் போட்டுக் கட்டுங்கள்.

8 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் 4 அங்குல எக்ஸ்பிஎஸ் ஃபோம் (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான பாலிஸ்டைரீன் அட்டை) இருந்தால், வெளியே 38, உள்ளே 3 டிகிரி என்ற நிலையிலும் சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் மணிக்குச் சுமார் 1,200 பிடியூதான் (பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). ஒரு டன் ஏசியின் திறன் மணிக்கு 12,000 பிடியூ. அறை இவ்வளவு குளிரும்போது அந்தத் திறன் கணிசமாகக் குறையும். குறைந்தாலும் சுவரைச் சமாளிக்க அது தாராளம். உண்மையான சுமை இறைச்சிதான். குடல் எடுத்த 60 கிலோ மான் ஒன்றை உடல் சூட்டிலிருந்து 3 டிகிரிக்கு இறக்க, ஏறக்குறைய 6,800 பிடியூ வெளியேற வேண்டும். நான்கு மான் என்றால் 27,000. ஒரு டன் ஏசி அதையும் ஒரு நாளுக்குள் இழுத்துவிடும். ஒரே நிபந்தனை: மானை ஏற்றுவதற்கு முந்தின நாளே அறையைக் குளிர வைத்திருக்க வேண்டும்.

சாதாரண ஏசி 16 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதற்குத்தான் கூல்பாட் என்ற கருவி. ஏசியின் சென்சாரைச் சிறு ஹீட்டரால் சூடாக்கி, 'அறை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது' என்று நம்பவைக்கும். கூடவே இன்னொரு சென்சாரை ஏசியின் குளிர்த் தகடுகளுக்கு நடுவே செருகச் சொல்வார்கள். பனி கட்டத் தொடங்கினால் அது கம்ப்ரஸரை நிறுத்தும். காற்றாடி மட்டும் ஓடிப் பனியைக் கரைக்கும். மலிவான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரு ரெசிஸ்டரும் வைத்துச் சொந்தமாகச் செய்பவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது சென்சாரைத்தான். அது இல்லாவிட்டால் விடியும்போது தகடு முழுக்க ஒரே பனிக்கட்டி, அறை 12 டிகிரி. காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள். ஏசி வாங்கும் முன் அந்த மாடல் கூல்பாட்டோடு ஒத்துப்போகுமா என்றும் பார்த்துவிடுங்கள். ஏசியின் பின்பக்கம் திறந்த வெளியில் இருக்க வேண்டும். மூடிய கராஜுக்குள் சூட்டைத் தள்ளினால் தன் சூட்டையே தான் குடித்துத் திணறும்.

சுவருக்குக் கண்ணாடிப் பஞ்சு வேண்டவே வேண்டாம். வெளியே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த பக்கம் நோக்கி ஊடுருவும். பஞ்சுக்குள் நீராகி, இரண்டு வருடத்தில் மரச்சட்டம் உளுத்துப்போகும். 2 அங்குல ஃபோம் அட்டையை இரண்டு அடுக்காக வையுங்கள். முதல் அடுக்கின் இணைப்புக் கோடும் இரண்டாம் அடுக்கின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று வரக் கூடாது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபாயில் டேப், மூலைகளுக்கும் ஒயர் நுழையும் துளைகளுக்கும் ஸ்பிரே ஃபோம். வேலை முடிந்ததும் உள்ளே நின்று கதவைச் சாத்தி விளக்கை அணையுங்கள். எங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கே காற்றும் வருகிறது. ஃபோமை அப்படியே விட்டால் தீ எளிதில் பற்றும். பிளைவுட் அடித்து, அதன்மேல் கழுவக்கூடிய வெள்ளை எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) தகடு ஒட்டி, ஓரங்களுக்குச் சிலிகான் பூசுங்கள்.

கதவு பழைய குளிர் அறையிலிருந்து கழற்றியது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். நீங்களே செய்தால் சுற்றிலும் இரட்டை கேஸ்கெட் (காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டை), இழுத்து அழுத்தும் தாழ்ப்பாள். உள்ளிருந்தும் திறக்கும் கைப்பிடி கட்டாயம். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

மானைத் தொங்கவிடும் உத்தரத்தைக் கூரையில் மாட்டாதீர்கள். நான்கு மான் 240 கிலோ. கூரை இணைப்புகள் விரிந்து ஈரம் உள்ளே போகும். நாலுக்கு நாலு அங்குலத் தூண்கள் இரண்டு, மேலே நாலுக்கு ஆறு அங்குல உத்தரம், தரையிலிருந்து 7 அடி உயரம். தரையிலும் ஃபோம் இருப்பதால் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஓர் அடிச் சதுர இரும்புத் தகடு வையுங்கள். வெறும் தூண் ஃபோமை அமுக்கிக்கொண்டு இறங்கும். மான்களுக்கு இடையே ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். ஒட்டித் தொங்கும் இடத்தில்தான் முதலில் பிசுபிசுப்பு வரும்.

தரைக்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு, முடிவில் வடிகால். அந்த வடிகாலில் நீர் நிற்கும் வளைவு காய்ந்துவிட்டால் சூடான காற்றும் நாற்றமும் அதன் வழியே ஏறும். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

வெப்பம் 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். சுவரில் மாட்டிய வெப்பமானி காட்டுவது காற்றின் கதை. பின்தொடையின் நடுவே, இடுப்பு எலும்பை ஒட்டி ஊசி வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். கடைசியாகக் குளிர்வதும், முதலில் புளித்துப்போவதும் அந்த இடம்தான். கோடையில் தோலை உரித்துவிட்டே ஏற்றுங்கள், தோல் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும்.

தோல் இல்லாத இறைச்சியை ஏசி உலர்த்தும் என்பதும் உண்மை. புள்ளிமானில் கொழுப்பு குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் தொங்கினால் மேலே கருத்துத் தடித்த ஓடு கட்டி, வெட்டி எறிவதே அதிகமாகும். நான்கைந்து நாள் போதும் என்பது என் கருத்து. பதினான்கு நாள் பெருமையெல்லாம் கொழுத்த மாட்டுக்கு. அதற்காக அன்றைக்கே எலும்பு நீக்கிவிடவும் கூடாது. விறைப்பு தளர்வதற்குள் வெட்டினால் கறி ரப்பர். குறைந்தது ஒரு நாள் தொங்கட்டும்.

வெள்ளைவால் மானாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் அட்டை கட்டுங்கள். மான்களின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோய் டெக்சாஸில் 2012-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதை உண்டாக்கும் பிரியான் என்ற திரிந்த புரதம் சமைத்தாலும் அழியாது. பரிசோதனை முடிவு வரும்வரை எந்தக் கறி எந்த மானுடையது என்று தெரிய வேண்டும்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பு, நீட்டிப்பு ஒயர் கூடாது. பாதுகாப்பு சுவிட்ச் இரவில் விழுந்தால் தெரிய, போனுக்குச் சேதி அனுப்பும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள்.

பயன்படுத்தாத மாதங்களில் கழுவிக் காயவிட்டு, கதவைத் திறந்தே வையுங்கள். சாத்தி வைத்த அறையில் கேஸ்கெட் மடிப்புக்குள் கரும்பூஞ்சை பிடிக்கும், அதைத் தேய்த்து எடுப்பதைவிடப் புது கேஸ்கெட் போடுவது சுலபம்.