குதிகால் ரத்தமும் செண்டைப் பயிற்சியும்: மூளை நரம்புக் கேள்விகள்

நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையான மைலின் பற்றி எழுதிய பிறகு கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. களியக்காவிளை, பளுகல், கொல்லங்கோடு, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எல்லா ஊர்களிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். எலியின் பார்வை நரம்பிலிருந்து செல் எடுத்து வளர்த்துப் பார்க்கிற ஆய்வுக்கூடத்துக்காரி நான். மருந்துச் சீட்டு எழுதமாட்டேன்.

மைலினில் முக்கால்வாசி கொழுப்பு என்கிறீர்களே, பிள்ளைக்குத் தினமும் ஒரு கரண்டி நெய் கூட விட்டால் மூளை வளருமா? (வாசகி, மார்த்தாண்டம்)

வளராது. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது. ரத்தத்தில் ஓடுவதை உள்ளே விடுவதில்லை. அதற்காக இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு ஆடை நீக்கிய பாலைக் கொடுக்கவும் வேண்டாம். நம் பிள்ளைகளுக்குப் பெரிதாகக் குறைவது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் மூன்றில் இரண்டு பேருக்கு ரத்தசோகை. மூளையில் இரும்பை அதிகம் வைத்திருப்பது மைலின் செய்யும் செல்தான். நெய்யைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

ஷ்வான் செல்லுக்கும் ஒலிகோடென்ட்ரோசைட்டுக்கும் என்ன வித்தியாசம்? (பி.எஸ்சி. விலங்கியல் மாணவர், தக்கலை)

இரண்டும் நரம்புக்கு மைலின் உறை சுற்றும் செல்கள். ஷ்வான் கை கால் நரம்புகளில் இருப்பது. ஒரு செல், ஒரு துண்டு உறை. ஒலிகோ மூளையிலும் தண்டுவடத்திலும் இருப்பது. ஒரே செல் கைகளை நீட்டி நாற்பது, ஐம்பது துண்டுகளைக்கூடச் சுற்றிவிடும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, தம்பி. முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தை அனுப்பியிருக்கிறேன். 'மைலின் குறைவு' என்று எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா? (வாசகர், அருமனை)

யாருடைய படம்? என்ன வயது? இரண்டும் கடிதத்தில் இல்லை. போன தடவையும் இதைச் சொன்னேன், வயது இல்லாமல் மைலினைப் பற்றிப் பேசவே முடியாது. பிறந்த குழந்தையின் மூளையில் மைலின் கொஞ்சம்தான் இருக்கும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்ல ஏறி, ஸ்கேனில் பெரியவர்களுடையதைப் போலத் தெரியவே இரண்டு வயது ஆகிவிடும். நெற்றிப் பக்கத்து வேலை இருபதைத் தாண்டியும் நடக்கும். ஆறு மாதக் குழந்தைக்குச் சரியாக இருப்பது ஆறு வயதில் கோளாறு. வயதை எழுதி, படத்தோடு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

என் மகன் பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பச்சைப் பிள்ளையைக் குத்த விட்டேன் என்று மாமியார் இன்னும் பேசுகிறார். அது அவ்வளவு அவசியமா? (வாசகி, குழித்துறை)

அவசியம். அந்த ரத்தத்தில் தைராய்டு குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

ஏன் என்று ஆய்வுக்கூடத்திலிருந்தே சொல்கிறேன். எலிக்குட்டியின் பார்வை நரம்பு தையல் நூல் கனம்தான் இருக்கும். அதிலிருந்து பிரித்தெடுக்கும், பின்னால் ஒலிகோவாக மாறவேண்டிய முன்னோடி செல்கள் தட்டில் இரண்டு பக்கமும் வால் நீட்டிய சின்னக் கோடுகளாகத் தெரியும். வளர்ச்சிப் புரதம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அவை பெருகிக்கொண்டே போகும், மைலின் செய்யும் செல்லாக மாறாது. தைராய்டு ஹார்மோன் துளி அளவு சேர்த்துப் பாருங்கள். பெருகுவதை நிறுத்திவிட்டு மூன்று நான்கு நாளில் சுற்றிலும் கிளை விட்டுப் பின்னல் வேலை போல விரியும். லண்டனில் மார்ட்டின் ராஃப், பென் பாரஸ் போன்றவர்கள் 1980, 90களில் இதைப் படிப்படியாகக் கண்டுபிடித்தார்கள். பெருகியது போதும், இனி வேலையைத் தொடங்கு என்று அந்தச் செல்லுக்குச் சொல்வது தைராய்டு ஹார்மோன். பிறந்த குழந்தையிடம் அது இல்லாவிட்டால் மைலின் வேலை பிந்துகிறது, கடைசிவரை குறைவாகவும் நின்றுவிடுகிறது.

நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைவு. பார்த்தால் தெரியாது. என் சித்தி மகளின் குழந்தை இரண்டு மாதமாக இருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். திண்ணையில் பாயில் கிடந்தது. தொட்டால் கால் சில்லென்று இருந்தது, தோல் வறண்டிருந்தது, தொப்புள் கொஞ்சம் புடைத்திருந்தது. அழுதால் கரகரவென்று ஒரு சத்தம், அதுவும் எப்போதாவதுதான். நல்ல சமர்த்து, அழவே அழாது என்றார்கள் வீட்டில். வாரந்தோறும் தட்டில் தைராய்டு ஹார்மோன் விடுகிற நானும் சமர்த்து என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் குதிகால் ரத்தம் எடுக்கவே இல்லை என்பது ஐந்தாம் மாதம்தான் தெரிந்தது. அந்த வாரமே தைராய்டு மாத்திரை தொடங்கினார்கள். பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறாள், பாட்டுப் பாடுகிறாள். கணக்கு மட்டும் அவளுக்கு மலையாக நிற்கிறது. இரண்டு வாரத்துக்குள் தொடங்கியிருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தது பாறசாலையில், பிரசவம் தாய்வீட்டுப் பக்கம் குழித்துறையில். ரத்தம் ஒரு ஊரில் எடுப்பார்கள், முடிவு வரும்போது தாயும் பிள்ளையும் வேறு மாநிலத்தில் இருப்பார்கள். கொடுத்த போன் நம்பர் மாமாவுடையது, அவர் வளைகுடாவில் இருக்கிறார். கேரள அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை இலவசம். மற்ற இடங்களில் தானாகச் செய்துவிடுவார்கள் என்று இருக்காதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். செய்திருந்தால் முடிவைத் தாளாகக் கையில் வாங்குங்கள். 'ஒன்றும் இல்லையென்றால் கூப்பிடமாட்டோம்' என்ற பதிலோடு வீட்டுக்கு வராதீர்கள்.

குறைவு இருந்தால் தினமும் ஒரு சின்ன மாத்திரைதான். பொடித்துச் சில சொட்டுத் தாய்ப்பாலில் கரைத்துப் பாலாடையில் ஊற்றிவிடலாம். இரும்பு, கால்சியம் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது. பிள்ளை கொழுகொழுவென்று ஆகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. மாமியாரிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். பேரன் மேல் அவருக்கு இருக்கும் பாசம்தான் இப்படிப் பேச வைக்கிறது, விஷயம் தெரிந்தால் அடுத்த பேரக் குழந்தைக்கு அவரே கேட்டு எடுக்க வைப்பார்.

அம்மாவுக்கு 62 வயது, சுத்த சைவம். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பாதம் எரிகிறது, கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறார். சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிடலாமா? (வாசகர், செங்கோட்டை)

விடாதீர்கள். சைவம், மெட்ஃபார்மின் இரண்டுமே வைட்டமின் பி12 குறைய வழி. அது குறைந்தால் தண்டுவடத்தின் பின்பக்க மைலின் கெடும். கண்ணை மூடினால் தள்ளாடுவது அதற்குப் பழைய அடையாளம். இந்த வாரமே அளவு பாருங்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தசோகை சரியானது போல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். சாளை மீனும் முட்டையும் சாப்பிடும் வீடுகளில் இந்தக் குறை அவ்வளவாக வராது, ஆனால் மெட்ஃபார்மின் போடுகிறவர் யாராக இருந்தாலும் பார்த்துக்கொள்வது நல்லது. மைலின் முழுக்க அழிவதற்குள் பிடித்தால் ஊசியில் நன்றாகத் தேறும்.

வயிற்றுப்போக்கு வந்து இரண்டு வாரத்தில் அண்ணனுக்குக் கால் இரண்டும் விழுந்துவிட்டது. கில்லன் பாரே என்கிறார்கள். நடப்பாரா? (வாசகி, பளுகல்)

பெரும்பாலும் நடப்பார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வெளி நரம்புகளைத் தாக்குகிற நோய் இது. பத்தில் எட்டுப் பேர் ஆறு மாதத்துக்குள் துணையில்லாமல் நடந்துவிடுகிறார்கள். வெளி நரம்புகளில் ஷ்வான் செல் மைலினைத் திரும்பச் சுற்றிக்கொள்ளும். பலவீனம் மேலே ஏறும் நாட்களில் மட்டும் மருத்துவமனையை விட்டு நகர வேண்டாம், மூச்சுத் தசை பாதிக்கலாம். எண்ணெய் தேய்த்தெல்லாம் பிறகு பார்க்கலாம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட மைலினைத் தாக்கும் நோய்) போன மைலினைத் திரும்பக் கொண்டுவர அலர்ஜி மாத்திரை இருக்கிறதாமே, பெயர் சொல்லுங்கள். வாங்கிக்கொள்கிறேன். (வாசகர், நெய்யாற்றின்கரை)

கிளெமாஸ்டின். 2017இல் வெளிவந்த ஆய்வில் ஐம்பது பேருக்குக் கொடுத்தார்கள். பார்வை நரம்பில் செய்தி போகும் வேகம் நூலளவு கூடியது, தூக்கக் கலக்கமும் சோர்வும் வந்தது. அவ்வளவுதான். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதற்காக இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்தவும் கூடாது. நான் சீட்டு எழுதமாட்டேன் என்று மேலேயே சொன்னேன்.

மகனுக்கு ஒன்பது வயது. செண்டை மேளம் படிக்கிறான். படிப்பு கெடும் என்கிறார் அவன் அப்பா. மூளைக்கு நல்லதுதானே? (வாசகி, கொல்லங்கோடு)

இந்தக் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2014இல் லண்டனில் எலிகளுக்குக் கம்பிகள் ஒழுங்கில்லாமல் வைத்த சக்கரத்தில் ஓடக் கற்றுக்கொடுத்தார்கள். புதிய ஒலிகோ செல் உருவாவதைத் தடுத்த எலிகளால் அந்த ஓட்டத்தைச் சரியாகக் கற்க முடியவில்லை. கை பழகப் புது மைலினும் வேண்டியிருக்கிறது. முன்னோடி செல்கள் நமக்குக் கிழவயதிலும் மூளைச் செல்களில் இருபதில் ஒன்று என்ற கணக்கில் காத்திருக்கின்றன. செண்டை மார்க்கைக் கூட்டும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அவன் அப்பாவிடம் அப்படி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ராத்திரித் தூக்கம் மட்டும் ஒன்பது மணி நேரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் கல்லில் புளியங்கம்பால் தட்டிப் பழகுகிற நிலை என்றால் காதுக்குப் பயமில்லை. மேளத்தில் நிற்க ஆரம்பித்ததும் பஞ்சு போதாது, நல்ல காதடைப்பான் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.