பழைய ஷாக் அப்சார்பரில் புஷ் இல்லை: மாட்டுவதா, திருப்பிக் கொடுப்பதா?

கேள்வி: வக்கீல் சார், மாதவரத்தில் இருக்கிறேன். ஒரே ஒரு லாரி, நானே ஓட்டுகிறேன், கூட ஒரு கிளீனர். பத்து நாளைக்கு முன்னால் புதுப்பேட்டையில் பழைய ஷாக் அப்சார்பர் நான்கு வாங்கினேன், 9,000 ரூபாய். 'முழு செட்டு, அப்படியே மாட்டலாம்' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் போட்டோவும் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தால், இரண்டில் அடிக்கண்ணில் (கீழே மாட்டும் வளையத்தில்) ரப்பர் புஷ்ஷும் இல்லை, அதற்குள் இருக்க வேண்டிய இரும்புக் குழாயும் இல்லை. வாஷர், நட்டு எதுவும் இல்லை. கேட்டால், 'பழைய சாமான் அப்படித்தான் இருக்கும், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று பில்லிலேயே இருக்கிறதே' என்கிறார். நானே வாங்கி மாட்டிவிட்டு அந்தக் காசை அவரிடம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். நான்கையும் திருப்பிக் கொடுத்து 9,000 ரூபாயை வாங்க வேண்டுமா, இல்லை குறைகிற சாமானுக்கான காசு வந்தால் போதுமா? ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் முதல் வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

காரணம், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவு. விற்றவருக்குத்தான் பொருள் இன்னும் சொந்தம் என்ற நிலைக்குப் பொருந்தாத காரியம் எதையாவது வாங்கியவர் செய்தால், அவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். புது புஷ்ஷை அடித்து இறக்கி, லாரியில் மாட்டி, எண்ணூருக்கு ஒரு லோடும் அடித்துவிட்டால் அது அப்படிப்பட்ட காரியம்தான். அதற்குப் பிறகு 59-வது பிரிவின்படி விலையில் குறைக்கச் சொல்லலாம் அல்லது இழப்பீடு கேட்கலாம். பொருளைத் திருப்ப முடியாது.

சரி, பழைய சாமான் என்பதால் உங்களுக்கு உரிமையே இல்லையா? கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தேய்மானத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஷாக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பெயின்ட் உரிந்திருக்கிறது என்று நீங்கள் வந்திருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் தேய்ந்திருப்பது வேறு, இல்லாமலே இருப்பது வேறு. 'முழு செட்டு' என்று விவரம் சொல்லி விற்றால், கொடுக்கும் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 15-வது பிரிவு. பழையதா புதியதா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

இங்கே அந்த வாட்ஸ்அப் போட்டோதான் உங்கள் உயிர்நாடி. பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணில் புஷ் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் பக்கம் பலம். வெறும் கண்ணாகத் தெரிந்தால், 'பார்த்துத்தானே வாங்கினார்' என்று எதிர்த்தரப்பு அதே படத்தைக் காட்டும். எதுவானாலும் அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டம், 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டியிருக்கும்.

பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ஐப் பாருங்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. குறைபாடு என்பதில் அளவில் குறைவதும் அடங்கும். பத்து நாள் போய்விட்டது, இருபது நாள் இருக்கிறது.

'லாரி தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை' என்று ஒரு வாதம் வரும், எதிர்பாருங்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு லாரியையே உதாரணம் காட்டியது: தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் நுகர்வோர்தான். ஐந்து லாரி, ஐந்து டிரைவர் என்றால் கதை மாறியிருக்கும்.

முதலில் ஒரு நோட்டீஸ் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்: என்ன சொன்னார், என்ன வரவில்லை, பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, குறைகிற சாமானைத் தர வேண்டுமா, எத்தனை நாளில். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். கடிதாசி போனால் பல கடைக்காரர்கள் குவியலில் தேடி புஷ்ஷை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அளவு சரியாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கைப்பட எழுதி வாங்கிக்கொண்டு.

மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு இருக்கின்றன. கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை (என்னைப் போன்றவர்களுக்கு நஷ்டம், போகட்டும்). இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். கெடு இரண்டு ஆண்டு.

சாமானுக்கான காசு போதும் என்று முடிவு செய்தால், அதே அளவு புஷ், குழாய், வாஷர், நட்டு மட்டும் பில்லோடு வாங்குங்கள். நான்கு புது ஷாக் வாங்கி அந்த பில்லைக் காட்டினால் எடுபடாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு, நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்றும் பார்க்கும். மாட்டும் மெக்கானிக்கிடம், எது இல்லை, என்ன அளவு போட்டார் என்று தேதியோடு ஒரு சீட்டு வாங்குங்கள். இல்லையென்றால், 'உன் மெக்கானிக் தப்பான புஷ்ஷைப் போட்டுக் கெடுத்துவிட்டான்' என்று வரும்.

அதுவரை கண்ணில் துணியைச் சுற்றி ஓட்டுவது மட்டும் வேண்டாம். ஆபத்து என்று தெரிந்த குறையோடு சாலையில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(1)-இன்படி 1,500 ரூபாய் அபராதம். விபத்தில் யாருக்காவது அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறைக்கும் போகலாம். லாரியில் ஏற்கெனவே இருக்கும் ஷாக்கே இன்னும் தாங்குகிறதென்றால் அதை வைத்து ஓட்டுங்கள், வாங்கிய நான்கும் சாக்கிலேயே இருக்கட்டும்.