பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவ ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டத்தை நிர்வகிக்க எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றும் சென்னையில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன், பணம் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச்.சின் ஃபோகார்ட்டி மையத்திலிருந்து வருகிறது, முதலில் எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே மாதிரி ஒரு திட்டத்தில் ஆறு வருடம் இந்த வேலையைப் பார்த்தவள் நான். முதலில் காலண்டரை எடுங்கள். பட்ஜெட் அப்புறம்.

எங்கள் திட்டத்தில் ஃபெல்லோவுக்கு, அதாவது பயிற்சி பெறும் இளம் ஆய்வாளருக்கு, கிடைப்பது 12 மாதம். அதற்குள், ஆய்வில் நோயாளிகளின் பாதுகாப்பைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒப்புதல் தர வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு என்பதால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். வழியாக சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டிக்கும் ஃபைல் போக வேண்டும். என் முதல் வருடத்தில் ஓர் இளம் டாக்டர் ஜூலையில் சேர்ந்தார். சர்க்கரை நோயும் உள்ள காசநோயாளிகளைப் பற்றிய ஆய்வு. கடைசி அனுமதி மார்ச்சில்தான் வந்தது. எட்டு மாதம் ஒரு நோயாளியைக்கூட அவர் ஆய்வில் சேர்க்க முடியவில்லை. அந்தத் தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவள் நான். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அடுத்த வருடத்திலிருந்து, ஆளைத் தேர்ந்தெடுத்த அன்றே கமிட்டி வேலையைத் தொடங்கிவிட்டோம். சேரும் தேதிக்கு ஆறு மாதம் முன்னால். அமெரிக்காவுக்குள் பல இடங்களில் நடக்கும் ஆய்வுக்கு ஒரே கமிட்டி போதும் என்று 2018 முதல் என்.ஐ.எச். விதி வைத்திருக்கிறது. அங்குள்ளவர்கள் அந்தப் பழக்கத்தில் பேசுவார்கள். வெளிநாட்டு இடங்களுக்கு அந்த விதி பொருந்தாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்கள் இங்கும் பல நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரே பொதுப் பரிசீலனைக்கு இடம் தருகின்றன. மூன்று நிறுவனங்களும் சம்மதித்தால்தான் அது நடக்கும். கேட்டுப் பாருங்கள், கேட்காமல் யாரும் முன்வர மாட்டார்கள்.

நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்ப் படிவத்தில் ‘5 மில்லி ரத்தம் எடுப்போம்’ என்று இருந்தது. ஒரு கமிட்டி, படிக்காதவர்களுக்கு மில்லி புரியாது, ‘ஒரு டீஸ்பூன்’ என்று மாற்றச் சொன்னது. இன்னொரு கமிட்டி அளவு துல்லியமாக வேண்டும், மில்லிதான் என்றது. இரண்டு மருத்துவமனையில் இரண்டு படிவம். ஒரு நாள் காலை வார்டில் நர்ஸ் கையில் இருந்த படிவத்தின் அடிக்குறிப்பில் ‘பதிப்பு 2’ என்று பார்த்தேன். அனுமதி வாங்கியது பதிப்பு 3க்கு. ஏழு பேரிடம் திரும்பப் போய் விளக்கி, மறுபடி கையெழுத்து வாங்கினோம், கமிட்டிக்கும் எழுதினோம். ‘5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு’ என்று முதலிலேயே எழுதியிருந்தால் இரண்டு கமிட்டியும் ஏற்றிருக்கும். பதிப்பு எண்ணையும் தேதியையும் ஒவ்வொரு பக்கத்திலும் போடுங்கள், பழைய பிரதிகளை வார்டிலிருந்து நீங்களே போய் எடுத்து வாருங்கள்.

இனி பணம். முன்பு இங்குள்ள ஒரு நிறுவனம் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2020இல், வெளிநாட்டு நிதி வாங்குவதை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தியபிறகு, வெளிநாட்டு நிதியை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. அந்தச் சட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப் பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோடு தனி ஒப்பந்தம் வேண்டும். கட்டடம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்கு இந்தப் பயிற்சி மானியத்தில் 8 சதவீதம்தான். உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு அதிகம் கேட்கும், விதியை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். இன்னொன்று, 2025 மே மாதம் என்.ஐ.எச்., அமெரிக்க நிறுவனம் தன் மானியத்திலிருந்து வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துத் தரும் துணை மானியங்களுக்குப் புதிய முறை கொண்டுவருவதாகவும், அதுவரை அத்தகைய மானியங்களைத் தரப்போவதில்லை என்றும் அறிவித்தது. உங்கள் அடுத்த வருடப் பணம் எந்த வழியில் வரும் என்று அங்குள்ள நிர்வாகியிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது.

எங்களுக்கு வந்த பணம் செலவு செய்து இன்வாய்ஸ் அனுப்பியபிறகு வருவது. அது தாமதமானால் முதலில் நிற்பது ஃபெல்லோவின் உதவித்தொகை. வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாத உதவித்தொகையை நிறுவனம் முன்பணமாகத் தரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் வழிகாட்டிகள். இங்கே ஒருவர், அங்கே ஒருவர். இவர் 200 நோயாளி போதும் என்பார், அவர் 350 என்பார், நடுவில் ஃபெல்லோ தவிப்பார். மாதம் ஒரு முறை மூவரையும் ஒரே அழைப்பில் உட்கார வையுங்கள். நமக்கு இரவு 7 மணி என்றால் அமெரிக்காவின் பால்டிமோரில் காலை 9.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 8.30 ஆகிவிடும், முன்கூட்டியே நினைவூட்டுங்கள். முடிவானதை அன்று இரவே ஃபெல்லோ நாலு வரியில் எழுதி இருவருக்கும் அனுப்பட்டும், உங்களுக்கும் ஒரு நகல் வரட்டும்.