ஸ்பூனுக்கு நம்பர் கிடையாது

வணக்கம் சார். பழைய இங்கிலீஷ் கதைகள்ல பிராஸி, ஸ்பூன், பாஃபி, நிப்லிக்னு கோல்ஃப் மட்டைப் பேரா வருது. நெட்ல தேடினா பிராஸி 2 வுட் (ரெண்டாம் நம்பர் மர மட்டை), ஸ்பூன் 3 வுட், பாஃபி 4 வுட்னு இருக்கு. சரியா? முழு சார்ட் போட்டுத் தருவீங்களா? கோல்ஃப் ஹாலந்துல பிறந்ததுன்றாங்களே, உண்மையா? பணக்காரங்க விளையாட்டைப் பத்தி நீங்க எழுதறது சிலருக்குப் பிடிக்கல சார், அதையும் சொல்லிடறேன்.
எஸ்.

அன்புள்ள எஸ்,

கதையை நிறுத்திட்டு ஒரு மட்டையோட பேரைத் தேடிப் போயிருக்கீங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஹாலந்து சண்டைக்கு நான் வரல. பிடிக்காதவங்க படிக்க வேண்டாம். ஆனா அந்த சார்ட்டை மட்டும் முதல்ல தூக்கிப் போடுங்க தம்பி, இப்படி சார்ட் கேட்டுக் கேட்டுத்தான் பாதி விஷயத்தைத் தொலைச்சுட்டோம்.

நம்பர் புழக்கத்துக்கு வந்தது 1920, 30கள்ல, ஸ்டீல் தண்டு போட்டு ஃபாக்டரில செட் செட்டா செஞ்சு வித்தப்ப. கோல்ஃபுக்கு ரூல்ஸ் போட்ட ஸ்காட்லாந்து கிளப், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆர் அண்ட் ஏ, ஸ்டீலை ஒத்துக்கிட்டதே 1929லதான். அதுக்கு முன்னாடி ஹிக்கரி மரத்தண்டு, ஒண்ணு வளையற மாதிரி இன்னொண்ணு வளையாது, ஆடறவர் ஒவ்வொண்ணா கைல பிடிச்சு ஆட்டிப் பாத்துத்தான் சேப்பார், அதுல போய் எது 2 எது 3னு கேட்டா என்ன சொல்றது?

பிராஸின்னா அடில பித்தளைத் தகடு அடிச்சது, கல்லு, ரோடுன்னு பந்து எங்க கிடந்தாலும் மரம் தேயாம இருக்க. ஸ்பூன்னா முகம் லேசா குழிஞ்சிருக்கும். அதுலயும் லாங் ஸ்பூன், மிடில் ஸ்பூன், ஷார்ட் ஸ்பூன், பாஃபிங் ஸ்பூன்னு ஒரு குடும்பமே இருந்துது, உங்க சார்ட் எல்லாத்தையும் '3'ன்னு அடைச்சிடுச்சு. இதுல பாஃபிங் ஸ்பூன் பந்துக்கு ஒட்டினாப்ல பின்னாடி தரையைத் தட்டி, பந்தை உசரமா எழுப்பறதுக்கு. கிட்டத்துல இருக்கற குழிக்கு எதுக்கு மர மட்டை? ஏன்னா அன்னிக்குப் பந்து, தோலுக்குள்ள இறகைத் திணிச்சுத் தைச்சது, விலையும் ஜாஸ்தி, இரும்பு பட்டா கிழிஞ்சிடும். 1848 வாக்குல மலாயா காட்டு மரப்பால்ல செஞ்ச கட்டாபெர்ச்சா பந்து வந்துது, மலிவு, இரும்பையும் தாங்கும், அப்பறம் பாஃபிங் ஸ்பூன் செஞ்ச வேலை கொஞ்சம் கொஞ்சமா இரும்பு மட்டைக்குப் போச்சு. பின்னாடி பாஃபின்னு வித்தது வேற மட்டை, உங்க பட்டியல் சொல்ற 4 வுட் அதுதான். ஒரே பேர், ரெண்டு மட்டை, எந்த சார்ட் இதைச் சொல்லும்?

செயின்ட் ஆண்ட்ரூஸ் மியூசியத்துல அந்தக் காலத்து நீளமூக்கு மட்டைகளைப் பாத்தப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது. தலையையும் தண்டையும் சரிவா சீவி ஒட்டி தார் பூசின கயிறு சுத்தி, பின்பக்கம் ஈயம் ஊத்தி, அடில ஓரமா ஆட்டுக்கொம்புத் துண்டு பதிச்சு... ஹ்யூ ஃபில்ப் மாதிரி ஆட்கள் உளியும் அரமும் வெச்சு இழைச்ச வேலை. 1856ல செத்துப்போன மனுஷன், இன்னிக்கும் அவர் மட்டைன்னா சேகரிக்கறவங்க உயிரை விடறாங்க. அதுக்குப் போய் ஒரு நம்பரா!

நிப்லிக் கேட்டிருந்தீங்க. கதை 1920 பக்கம்னா அது இரும்பு, மணல்லயும் புதர்லயும் மாட்டின பந்தை எடுக்கறது. 1860 பக்கம்னா மரமாவும் இருக்கலாம், தலை ரொம்பச் சின்னது, வண்டிச்சக்கரத் தடத்துக்குள்ள விழுந்த பந்தை அடிக்க. எந்த வருஷத்துக் கதைன்னு நீங்க எழுதவே இல்லையே?