சப்டைட்டில்: சலுகையா, சட்டமா?

கேள்வி: காது கேளாத மகனைப் படத்துக்கு அழைத்துப் போனால், படம் பார்க்கிறான், கதை புரியவில்லை. இதற்கெல்லாம் சட்டம் போட மாட்டார்களா?
– வாசகி, கரூர்

பதில்: போட்டு வருடங்கள் ஆகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 42-ஆம் பிரிவைப் பாருங்கள். சப்டைட்டில், சைகை மொழி, பார்வையற்றோருக்குக் காட்சி வர்ணனை என்று பெயர் சொல்லியே கேட்கிறது. முடிச்சு விழுந்தது விதிகளில். 2017-இல் வந்த 15-ஆம் விதி பல துறைகளின் வழிகாட்டுதல்களைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அவற்றில் பலவும் ‘செய்தால் நல்லது’ ரகம். சட்டம் கட்டாயம் என்பதை விதி விருப்பமாக்க முடியாது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கி, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை எழுதச் சொன்னது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய தயாரிப்பு நிறுவனத்துக்கு இது டீச்செலவு.

திரையரங்குப் படங்களுக்கு 2024 மார்ச் 15 அன்று தனி வழிகாட்டுதல் வந்தது: செவித்திறன் குறைந்தோருக்கு ஒரு வசதி, பார்வை குறைந்தோருக்கு ஒரு வசதி, குறைந்தபட்சம். ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் தணிக்கையாகும் படங்களுக்கு ஆறு மாதம், மற்றவற்றுக்கு இரண்டு வருடம் என்று அப்போது கெடு வைத்தார்கள். டிக்கெட் எடுக்குமுன் எந்த வசதி, திரையிலா செயலியிலா என்று கேட்டுவிடுங்கள். செயலி என்றால் அந்தப் படத்துக்கான கோப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அரங்குக்குள் சிக்னலை நம்ப முடியாது.

கேள்வி: சிறிய யூடியூப் சேனல் நடத்துகிறேன். சப்டைட்டில் போடச் செலவு ஆகாதா?
– வாசகர், தேனி

பதில்: பணம் ஆகாது, நேரம் ஆகும். எஸ்ஆர்டி (.srt) என்ற சப்டைட்டில் கோப்பை எழுத நோட்பேடு போதும். வரிசை எண், அடுத்த வரியில் தொடக்க நேரமும் முடிவு நேரமும், அதன்கீழ் வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவே காற்புள்ளி. புள்ளி வைத்தால் சில மென்பொருள்கள் கோப்பையே ஏற்காது. சேமிக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8. ஆன்சியில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

வரிக்கு 42 எழுத்து என்ற ஆங்கில அளவை அப்படியே எடுக்காதீர்கள். ‘கொக்கு’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு. செல்பேசித் திரையில் போட்டுப் பார்த்து இரண்டு வரிக்குள் அடக்குங்கள். கதவு தட்டும் சத்தத்தையும் எழுத வேண்டும். பலரும் விடுவது அதைத்தான்.

கேள்வி: எங்கள் சங்க இதழின் பிடிஎஃப்பை, பார்வையற்ற உறுப்பினரின் கணினி உளறிக்கொட்டுகிறது. ஏன்?
– வாசகர், திருவாரூர்

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருக்கும். கண்ணுக்கு ‘அம்மா’, கோப்புக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் உள்ளதைச் சத்தமாகப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கிறது. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கிலக் குப்பை வந்தால் எழுத்துருக் கோளாறு; வரியைத் தேர்வு செய்யவே முடியவில்லை என்றால் பக்கம் வெறும் படம். பக்கம் வடிவமைக்குமுன் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒகர, ஓகார எழுத்துகளை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். மாற்றிகள் சறுக்குவது அங்கேதான்.

பழைய இதழ்களையும் அவருக்காக மாற்றித் தரலாம். லாப நோக்கில்லாமல் செய்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது; எழுதியவர்களிடம் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை.