கோத்தகிரியில் வீட்டில் வாத்து வளர்க்கலாமா, குளிர் தாங்குமா?

தாராளமாக வளர்க்கலாம். இறகு முளைத்த வாத்து நம் மலைக் குளிரை நன்றாகவே தாங்கும். கவலையெல்லாம் குஞ்சுகளைப் பற்றித்தான். முதல் வாரம் ஏறக்குறைய 32 டிகிரி சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். சூட்டுக்காகப் போட்ட பல்புக்கு அடியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் அவற்றுக்குக் குளிர்கிறது. விலகிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தாய் இல்லாத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப் பூச்சு போதாது, நனைந்தால் விறைத்துப்போகும். பாவம், ஆசைக்காகத் தொட்டியில் நீந்த விட்டுவிடாதீர்கள்.

கோழிக்குஞ்சுத் தீவனத்தில் வாத்துக்குத் தேவையான அளவு நியாசின் என்ற பி வைட்டமின் பெரும்பாலும் இருக்காது. அது குறைந்தால் கால் வளைந்து நடக்கவே சிரமப்படும். நியாசின் உள்ள ப்ரூவர்ஸ் ஈஸ்ட் என்ற ஈஸ்ட் தூளைத் தீவனத்தில் கொஞ்சம் கலந்து போடுங்கள். பிரெட், பிஸ்கட் வேண்டவே வேண்டாம்.

குளம் அவசியமில்லை. மூக்குத் துளையை முக்கிக் கழுவும் ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் இருந்தால் சரி.

மழை மாதங்களில் வைக்கோல் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அதைச் சுவாசித்தால் வாத்தின் நுரையீரல் கெடும். காய்ந்த மரச்சீவலை அடிக்கடி மாற்றிப் போடுங்கள். பொழுது சாய்ந்ததும் கூட்டில் அடைத்துவிடுங்கள். கீரி, காட்டுப்பூனை, சிறுத்தை எல்லாம் நடமாடும் ஊர் இது. ஒற்றையாக மட்டும் வாங்காதீர்கள், வாத்து கூட்டமாக வாழும் பறவை.